இறைச்சித் துண்டிலிருந்து மாட்டுக்கு: டி.என்.ஏ. குறிப்பான்கள் காட்டும் தடம்

மாட்டை மாட்டிலிருந்து பிரித்து அறிவதற்கு மனிதர் கையாண்ட முறைகள் பல. காய்ச்சிய இரும்பால் இடும் சூட்டுக்குறி, காதின் ஓரத்தில் வெட்டும் அடையாளம், மூக்கின் ஈரத்தோலில் உள்ள வரிகளை மையில் பதித்தெடுக்கும் மூக்குத்தடம், எண் பொறித்த காது வில்லை, வானொலி அலையால் படிக்கத்தக்க மின்னணு வில்லை ஆகிய அனைத்தும் ஏதோ ஒரு காலத்தில், ஏதோ ஒரு நாட்டில் அரசின் ஏற்பைப் பெற்றவை. இவை அனைத்துக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. இவை மாட்டின் தோலிலும் காதிலும் மூக்கிலும் நிற்பவையாதலால், மாடு இறைச்சியாக மாறும் கணத்திலேயே அதனிடமிருந்து நீங்கிவிடுகின்றன.

பெரிய இறைச்சிக்கூடம் ஒன்றில் நிகழ்வதைப் படிப்படியாகப் பார்த்தால் இக்குறையின் அளவு விளங்கும். மாடு மயக்கப்பட்டு இரத்தம் வடிக்கப்பட்ட சிறிது நேரத்தில் தோல் உரிக்கப்படுகிறது. தலை வெட்டி எடுக்கப்படுகிறது. தலையோடு காதுகளும் காதுகளோடு வில்லைகளும் போய்விடுகின்றன. வில்லையில் இருந்த எண் உடலத்தின்மேல் குத்தப்படும் அட்டை ஒன்றுக்கு மாற்றப்படுகிறது. முதுகெலும்பின் வழியே இரண்டாக அறுக்கப்பட்ட உடலம் குளிரறையில் தொங்கவிடப்பட்டு, பின்னர் நான்காகப் பிளக்கப்பட்டு, எலும்பு நீக்கும் கூடத்துக்கு வருகிறது. அங்கு நீண்ட மேசைகளின் இருபுறமும் நிற்கும் பணியாளர்கள் தொடைக்கறியை ஒருபுறமும் முதுகுக்கறியை மற்றொருபுறமும் பிரித்துத் தள்ளுவதால், ஒரு மாட்டின் துண்டுகள் பல பெட்டிகளுக்கும், பல மாடுகளின் துண்டுகள் ஒரே பெட்டிக்கும் சென்று சேர்கின்றன. இந்த இடத்தில் தனிமாட்டின் எண் மறைந்து, அன்றைய நாளில் அறுக்கப்பட்ட ஒரு கூட்டத்தைக் குறிக்கும் தொகுதி எண் மட்டுமே எஞ்சுகிறது. எண்ணை அட்டைக்கும், அட்டையிலிருந்து பெட்டிக்கும், பெட்டியிலிருந்து கடையின் ஒட்டுச்சீட்டுக்கும் மாற்றும் ஒவ்வொரு கட்டத்திலும் தவறுக்கும் ஏமாற்றுக்கும் வழி திறந்தே இருக்கிறது. மாற்றியபின் அதைச் சரிபார்க்கக் காகிதத்தைத் தவிர வேறு சான்றும் இல்லை.

எவ்வளவு வெட்டினாலும் இறைச்சியை விட்டு நீங்காத அடையாளம் டி.என்.ஏ. மட்டுமே. தொடைக்கறியின் ஒரு நாரிலும், கன்றாக இருந்தபோது காதிலிருந்து எடுத்த துளித் திசுவிலும், வாலிலிருந்து பிடுங்கிய மயிரின் வேரிலும் இருப்பது ஒரே டி.என்.ஏ. ஆகும். மாட்டின் உயிரணுவில் 30 இணைக் குரோமோசோம்கள் உள்ளன. ஒவ்வோர் இணையிலும் ஒன்று தாயிடமிருந்தும் மற்றொன்று தந்தையிடமிருந்தும் வந்தது. ஒரு தொகுதிக் குரோமோசோம்களில் ஏறத்தாழ 270 கோடி நைட்ரஜன் காரங்கள் அ, த, க, ச என்று நான்கு எழுத்துகளால் எழுதப்பட்ட நெடுவரிபோல வரிசைப்பட்டுள்ளன. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் வளர்க்கப்பட்ட ஹியர்ஃபோர்டு இனப் பசு ஒன்றின் டி.என்.ஏ. வரிசையை முதன்மையாகக் கொண்டு, மாட்டின் மரபணுத்தொகுதி 2009-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. ஓர் இனத்தின் இரு மாடுகளை ஒப்பிட்டால் இவ்வரிசையின் மிகப்பெரும் பகுதி ஒன்றாகவே இருக்கும். ஆங்காங்கே மாடுகளுக்கிடையே வேறுபடுகின்ற, இருப்பிடம் துல்லியமாக அறியப்பட்ட இடங்களே குறிப்பான்கள் எனப்படுகின்றன. ஒரு குறிப்பானில் காணப்படும் மாற்றுவடிவங்கள் ஒவ்வொன்றுக்கும் அல்லீல் என்று பெயர்.

அடையாளப் பணியில் முதலில் பயன்பட்டவை மைக்ரோசாட்டிலைட் என்னும் குறிப்பான்கள். டி.என்.ஏ. வரிசையில் சில இடங்களில் இரண்டு முதல் ஆறு வரையிலான எழுத்துகள் கொண்ட சிறு துணுக்கு மீண்டும் மீண்டும் அடுக்கப்பட்டிருக்கும்; அந்த அடுக்கு ஒரு மாட்டில் 15 முறையும் மற்றொரு மாட்டில் 19 முறையும் வரலாம். ஒரே மாட்டிலேயே தாய்வழிக் குரோமோசோமில் 15 என்றும் தந்தைவழிக் குரோமோசோமில் 19 என்றும் இருக்கலாம். பி.சி.ஆர். என்று சுருக்கமாக வழங்கும் பாலிமரேஸ் சங்கிலி வினையால் அந்தப் பகுதியை மட்டும் கோடிக்கணக்கில் படியெடுத்து, மின்புலத்தில் ஓடவிட்டு நீளத்தை அளந்தால் இவ்விரு எண்களும் கிடைக்கும். மாடுகளின் பெற்றோரை உறுதிசெய்வதற்கெனப் பன்னாட்டு விலங்கு மரபியல் சங்கம் பரிந்துரைத்த 12 மைக்ரோசாட்டிலைட்டுகளின் பட்டியல் உலகெங்கும் பரவியது. அப்பட்டியலில் உள்ள ஈ.டி.எச். 10, ஐ.என்.ஆர்.ஏ. 23 போன்ற பெயர்களில் அவற்றைக் கண்டறிந்த சூரிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் சுருக்கமும் பிரெஞ்சு வேளாண் ஆய்வு நிறுவனத்தின் சுருக்கமும் இன்றும் நிற்கின்றன. ஒரு மைக்ரோசாட்டிலைட்டுக்குப் பல அல்லீல்கள் இருப்பதால் சில குறிப்பான்களே போதுமானவையாகின்றன. இது அவற்றின் சிறப்பு. ஆனால் ஓர் ஆய்வகம் 135 என்று அளந்த நீளத்தை வேறொரு கருவியைக் கொண்ட ஆய்வகம் 137 என்று அளக்கக்கூடுமாதலால், ஆய்வகங்கள் தம் அளவுகோல்களை இடையறாது ஒத்துப்பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

இந்தத் தொல்லை இல்லாதவை ஸ்னிப் எனப்படும் ஒற்றையெழுத்து வேறுபாடுகள். வரிசையின் குறிப்பிட்ட ஓரிடத்தில் சில மாடுகளுக்கு அ என்ற எழுத்தும் சில மாடுகளுக்கு க என்ற எழுத்தும் இருப்பதே ஸ்னிப். இரண்டு குரோமோசோம்களையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு மாடு அஅ, அக, கக என்னும் மூன்று மரபுவகைகளுள் ஒன்றாகத்தான் இருக்க முடியும். எழுத்தை அளக்க வேண்டியதில்லை, படித்தால் போதும் என்பதால், முடிவுகளைக் கணினியில் சேமிப்பதும் நாடுகளுக்கிடையே பகிர்வதும் எளிதாகின்றன. மேலும், படியெடுக்க வேண்டிய பகுதி மிகக் குறுகியது. எனவே சமைத்தும் பதப்படுத்தியும் டி.என்.ஏ. சிதைந்துபோன இறைச்சியிலும் ஸ்னிப்பைப் படித்துவிடும் வாய்ப்பு அதிகம்.

தனித்தனியாகப் பார்த்தால் ஸ்னிப் மிக வலுவற்ற சான்று. இரண்டு அல்லீல்களும் மந்தையில் சரிபாதியாக இருக்கும் ஸ்னிப் ஒன்றை எடுத்துக்கொண்டால், நான்கில் ஒரு பங்கு மாடுகள் அஅ, பாதி மாடுகள் அக, நான்கில் ஒரு பங்கு கக என்று அமையும். ஆகவே உறவில்லாத இரு மாடுகள் தற்செயலாக ஒரே மரபுவகையைக் கொண்டிருக்கும் வாய்ப்பு எட்டில் மூன்று. இதை வைத்து யாரும் ஒரு மாட்டை அடையாளம் காட்ட முடியாது. ஆனால் வெவ்வேறு குரோமோசோம்களில் இருந்து ஒன்றையொன்று சாராத ஸ்னிப்களைத் தேர்ந்தெடுத்தால் வாய்ப்புகள் பெருக்கப்படுகின்றன: 10 ஸ்னிப்களில் முழுதும் ஒத்துப்போகும் வாய்ப்பு சுமார் 18 ஆயிரத்தில் ஒன்று, 20 ஸ்னிப்களில் சுமார் 33 கோடியில் ஒன்று, 32 ஸ்னிப்களில் சுமார் 43 லட்சம் கோடியில் ஒன்று. ஒவ்வொன்றும் மூன்றே விடை தரக்கூடிய 32 கேள்விகள் இவ்வளவு தூரம் பிரித்துக் காட்டும் என்பது இத்துறையின் அடித்தளமான உண்மை. எழுத்துகளைச் சுட்டும் சில சோதனைக்குழாய் வினைகளில் அது அடங்கிவிடுகிறது என்பது வியந்து நோக்கத்தக்கது.

இது தாளில் போட்ட கணக்கு. மந்தையில் கண்ட கணக்கு சற்றே வேறானது. அமெரிக்க வேளாண்துறைக்குரிய, நெப்ராஸ்கா மாநிலத்தின் கிளே சென்டரில் உள்ள இறைச்சி விலங்கு ஆராய்ச்சி மையத்தின் அறிவியலாளர்கள், அந்நாட்டு இறைச்சி மாடுகளுக்கென 32 ஸ்னிப்களைத் தேர்ந்து 2002-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், பல இனங்கள் கலந்த மாடுகளிடையே இரு மாடுகள் தற்செயலாக ஒத்துப்போகும் வாய்ப்பு சுமார் 5 லட்சம் கோடியில் ஒன்று என்று கண்டனர். தூய ஆங்கஸ் இன மாடுகளிடையே அதே 32 ஸ்னிப்கள் தந்த வாய்ப்பு சுமார் 500 கோடியில் ஒன்று. குறிப்பான்கள் ஒன்றே, வேதிவினை ஒன்றே. பிரித்துக் காட்டும் ஆற்றல் மட்டும் ஆயிரம் மடங்கு குறைந்தது. தேர்ந்தெடுத்த சில காளைகளையே தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்தி வளர்த்த இனத்தில் அல்லீல்களின் வேறுபாடு சுருங்கிவிடுவதே இதற்குக் காரணம். 500 கோடியில் ஒன்று என்பதும் நடைமுறைக்குப் போதுமான தொலைவுதான் என்றாலும், குறிப்பான் பட்டியல் ஒன்றின் வலிமை அதைப் பயன்படுத்தும் மந்தையைப் பொறுத்தது என்பதை மறந்துவிட்டு எண்களை மட்டும் மேற்கோள் காட்டுவது பிழையாகும்.

நெருங்கிய உறவு மற்றோர் இடர். ஒரே தாய்க்கும் ஒரே தந்தைக்கும் பிறந்த இரு மாடுகள், மேலே சொன்ன சரிபாதி ஸ்னிப் ஒன்றில் ஒத்துப்போகும் வாய்ப்பு நூற்றில் ஏறத்தாழ 59 ஆக உயர்கிறது. 32 ஸ்னிப்களுக்கு அது சுமார் 1.75 கோடியில் ஒன்றாக முடிகிறது. உறவில்லாத மாடுகளுக்கான 43 லட்சம் கோடியோடு ஒப்பிட்டால் இந்தச் சரிவு பெரிது. ஒரே காளையின் உறைவிந்தால் ஆயிரக்கணக்கான கன்றுகள் பிறக்கும் இக்காலத்தில் அரைச் சகோதரங்கள் நிறைந்த கூட்டமே இறைச்சிக்கூடத்துக்கு வருகிறது என்பதால்தான், பின்னாளில் பன்னாட்டுச் சங்கம் ஏற்ற ஸ்னிப் பட்டியல் 100 குறிப்பான்களை அடிப்படையாகவும் மேலும் 100-ஐத் துணையாகவும் கொண்டது. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரையும் படியாக்கம் செய்த மாடுகளையும் எத்தனை குறிப்பான்கள் இருந்தாலும் இம்முறையால் பிரித்தறிய முடியாது.

இரு கருக்களிலிருந்து பிறக்கும் சாதாரண இரட்டைக் கன்றுகள் வேறொரு சிக்கலைத் தருகின்றன. அச்சிக்கலின் வரலாறு சற்று நின்று சொல்லத்தக்கது. பசுவின் வயிற்றில் இரட்டையராக வளரும் கன்றுகளின் நஞ்சுக்கொடிக் குழாய்கள் பெரும்பாலும் ஒன்றோடொன்று இணைந்துவிடுவதால், ஒன்றின் இரத்தம் மற்றொன்றுக்குள் பாய்ந்து, இரத்தத்தை உருவாக்கும் மூல உயிரணுக்கள் எலும்பு மச்சையில் குடியேறி வாழ்நாள் முழுதும் நிலைக்கின்றன. மாடுகளின் இரத்த வகைகளைக்கொண்டு பெற்றோரை உறுதிசெய்யும் பணி நடந்துவந்த விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில், ரே ஓவன் என்பவர் இரட்டைக் கன்றுகள் இரண்டிலும் இருவர் இரத்தமும் கலந்திருப்பதை 1945-இல் காட்டினார். அந்நியமான உயிரணுவை உடல் ஏன் எதிர்க்காமல் ஏற்றது என்ற கேள்வி அங்கே பிறந்தது; அதற்கு விடை தேடிய அறிவியலாளர்கள் பர்னெட்டும் மெடவாரும் 1960-இல் நோபல் பரிசு பெற்றனர். உறுப்பு மாற்று மருத்துவத்தின் அறிவியல் அடிப்படைகளில் ஒன்று மாட்டின் தந்தையைத் தேடிய ஆய்வகத்தில் தொடங்கியது என்பது, இத்துறையைச் சிறிய துறை என்று ஒதுக்குவோர் அறிய வேண்டிய செய்தி. அடையாளப் பணிக்கு அதன் பயன் நேரடியானது. இரட்டையராகப் பிறந்த மாட்டின் இரத்தத்தை மாதிரியாக எடுத்தால் இரு மாடுகளின் டி.என்.ஏ. கலந்து வரும்; தசையை மாதிரியாக எடுத்தால் பெரிதும் அதற்கே உரிய டி.என்.ஏ. வரும், இரண்டையும் ஒப்பிடும் ஆய்வாளர், உண்மையில் ஒன்றேயான மாட்டை வெவ்வேறு மாடுகள் என்று முடிவுசெய்துவிடக்கூடும். மயிர்வேரும் காதுத் திசுவும் விரும்பப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

குறிப்பான்கள் அரசுகளையே காத்திருக்கவைத்த நிகழ்ச்சி ஒன்று 2003-ஆம் ஆண்டின் இறுதியில் நடந்தது. பி.எஸ்.இ. என்ற சுருக்கப் பெயராலும், மேட் கவ் என்ற வழக்குப் பெயராலும் அறியப்படும் நோய், மாட்டின் மூளைத் திசுவைத் துளைகள் நிறைந்ததாக மாற்றிக் கொல்வது. 1986-இல் பிரிட்டனில் கண்டறியப்பட்டது. அந்நாட்டில் மட்டும் 1,80,000-க்கும் மேற்பட்ட மாடுகளில் உறுதிசெய்யப்பட்டது. நோயுற்ற மாட்டின் இறைச்சிப்பொருளை உண்ட மனிதருக்கும் அது ஒருவகை மூளை நோயாகப் பரவியிருக்கக்கூடும் என்று 1996 மார்ச் 20 அன்று பிரிட்டிஷ் அரசு அறிவித்தபோது ஐரோப்பாவின் இறைச்சிச் சந்தை நிலைகுலைந்தது. அதன் பிறகு எந்த நாட்டில் ஒரு மாட்டுக்கு இந்நோய் கண்டாலும் அந்நாட்டின் ஏற்றுமதி ஓரிரு நாட்களில் நின்றுபோகும் நிலை ஏற்பட்டது.

2003 டிசம்பர் 9 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் அறுக்கப்பட்ட ஹோல்ஸ்டீன் பசு ஒன்றின் மூளை மாதிரியில் இந்நோய் காணப்பட்டதாக டிசம்பர் 23 அன்று அந்நாட்டு வேளாண் அமைச்சர் ஆன் வெனிமன் அறிவித்தார். பிரிட்டனின் வெய்பிரிட்ஜ் ஆய்வகம் டிசம்பர் 25 அன்று அதை உறுதிசெய்தது. நோயுற்ற பசு அறுக்கப்பட்ட நாளில் அதே இறைச்சிக்கூடத்தில் அறுக்கப்பட்ட 20 மாடுகளின் இறைச்சி, 10,410 பவுண்டு, அதாவது சுமார் 4,700 கிலோ, திரும்பப் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்டது. எந்தத் துண்டு எந்த மாட்டினுடையது என்று பிரிக்க வழியில்லாததால், ஒரு மாட்டுக்காக இருபது மாடுகளின் இறைச்சியும் ஐயத்துக்கு உள்ளாயிற்று. ஜப்பானும் தென்கொரியாவும் உள்ளிட்ட நாடுகள் அமெரிக்க மாட்டிறைச்சிக்குத் தடை விதித்தன.

பசு எங்கே பிறந்தது என்பது அடுத்து எழுந்த கேள்வி. காது வில்லையின் எண்ணைப் பின்தொடர்ந்த அதிகாரிகள், அது 2001 செப்டம்பரில் கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்திலிருந்து 81 மாடுகள் கொண்ட கூட்டத்தோடு வந்தது என்று கருதினர். ஆனால் அமெரிக்க உரிமையாளரின் பதிவுகள் பசுவுக்கு நான்கு அல்லது நாலரை வயது என்றன. கனடாவின் பதிவுகள் ஆறரை வயது என்றன. இந்த இரண்டாண்டு வேறுபாடு அற்பமானதன்று. அசைபோடும் விலங்குகளின் உடலிலிருந்து பெற்ற புரதத்தை அசைபோடும் விலங்குகளுக்கே தீவனமாக ஊட்டுவதை இரு நாடுகளும் 1997 ஆகஸ்டில் தடைசெய்திருந்தன. பசு அத்தடைக்கு முன் பிறந்ததா, பின் பிறந்ததா என்பதைப் பொறுத்தே தடை பயனளித்ததா என்ற தீர்ப்பு அமையும். காகிதங்கள் ஒன்றையொன்று மறுத்த நிலையில், டி.என்.ஏ. முடிவு வரும்வரை பசுவைக் கனடாவினுடையது என்று சொல்வது முதிராத முடிவு என்று கனடா அதிகாரிகள் கூறினர்.

இங்கே ஆய்வாளர்களிடம் இருந்த குறை கவனிக்கத்தக்கது. பசு கன்றாக இருந்தபோது எடுத்து வைத்த மாதிரி எதுவும் இல்லை. ஆகவே இறந்த பசுவின் டி.என்.ஏ.வை அதன் சொந்த டி.என்.ஏ.வோடு நேரடியாக ஒப்பிட வழியில்லை. கைகொடுத்தது உறைவிந்து. அப்பசுவின் தந்தை என்று கனடாப் பதிவில் காணப்பட்ட காளையின் விந்து பாதுகாக்கப்பட்டிருந்தது. சேய் ஒவ்வொரு குறிப்பானிலும் ஓர் அல்லீலைத் தந்தையிடமிருந்து பெற்றே ஆக வேண்டும். தந்தை அஅ என்றிருக்கும் இடத்தில் சேய் கக என்றிருந்தால் அந்த உறவு பொய். அத்தகைய முரண் ஒன்று மட்டும் எனில் சோதனைப் பிழையாகவோ அரிய மாற்றமாகவோ இருக்கலாம், பல இருந்தால் ஐயமின்றிப் பொய். நோயுற்ற பசுவின் மூளைத் திசுவையும் காளையின் விந்தையும் ஒப்பிட்டதில் உறவு பொருந்தியது. 2004 ஜனவரி 6 அன்று, பசு ஆல்பர்ட்டாவில் பிறந்தது என்பதை இரு நாட்டு அதிகாரிகளும் அறிவித்தனர். வயது ஆறரை என்ற கனடாப் பதிவே சரி என்றும், தீவனத் தடைக்கு முன்பே, 1997 ஏப்ரலில் பிறந்தது என்றும் தெளிந்தது. ஆனால் கூட்டத்தோடு வந்த மற்ற மாடுகளின் கதை வேறு. 81 மாடுகளில் மூன்றில் ஒரு பங்கைச் சற்றுக் கடந்த அளவிலேயே உறுதியாகக் கண்டுபிடிக்க முடிந்தது. எஞ்சியவற்றின் காது வில்லைகளும் பதிவுகளும் இரண்டே ஆண்டுகளில் தடம் தெரியாமல் போயிருந்தன. ஒப்பிடுவதற்கு மாதிரிகள் இல்லாத இடத்தில் குறிப்பான்களும் ஊமையாகவே நின்றன.

பி.எஸ்.இ. அதிர்ச்சிக்குப் பிறகு ஐரோப்பா காகிதத்தை இறுக்குவதில் முதலில் கவனம் செலுத்தியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2000-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை எண் 1760, ஒவ்வொரு மாட்டுக்கும் இரண்டு காதிலும் வில்லை, கணினித் தரவகத்தில் பதிவு, இறைச்சிப் பொதியில் பிறந்த நாடு, வளர்ந்த நாடு, அறுத்த இடம், வெட்டிய இடம் ஆகியவற்றைக் கட்டாயமாக்கியது. ஆனால் அச்சட்டமும் தொகுதி எண்ணோடு நின்றுவிட அனுமதிக்கிறது. வாங்குபவர் கையில் உள்ள துண்டிலிருந்து தனிமாட்டுக்குத் திரும்பும் வழி அதில் இல்லை. அந்த வழியை வணிகமாகத் திறந்தவர்கள் அயர்லாந்தில், டப்ளின் டிரினிட்டி கல்லூரியின் மரபியலாளர்கள். 1990-களின் பிற்பகுதியில் அவர்கள் தொடங்கிய ஐடென்டிஜென் நிறுவனம், அறுக்கும் வரிசையிலேயே ஒவ்வொரு உடலத்திலிருந்தும் சிறு மாதிரி எடுத்து வைத்து, பின்னர் கடையில் விற்கும் துண்டுகளில் சிலவற்றை அவ்வப்போது எடுத்து ஒப்பிடும் முறையை நிலைநாட்டியது.

இம்முறையின் பொருளாதாரம் கூர்மையானது. எடுக்கும் மாதிரிகள் எல்லாவற்றையும் சோதிக்க வேண்டியதில்லை. மாதிரி எடுத்து உலரவைத்தோ உறையவைத்தோ சேமிப்பதற்கு ஆகும் செலவு சிறிது. குறிப்பான்களைப் படிப்பதற்கு ஆகும் செலவு பெரிது. எந்தத் துண்டு சோதிக்கப்படும் என்று விற்பவருக்குத் தெரியாது என்பதே முழுச் சங்கிலியையும் ஒழுங்கில் வைக்கப் போதுமானது. இந்தக் கருத்தைச் சட்டமாகவே ஆக்கிய நாடு ஜப்பான். 2001 செப்டம்பரில் சிபா மாவட்டத்தில் முதல் பி.எஸ்.இ. பசு கண்டறியப்பட்டதும், அதையொட்டி உள்நாட்டு இறைச்சியை அரசு விலைகொடுத்து வாங்கிய திட்டத்தில் ஸ்நோ பிராண்ட் ஃபுட்ஸ் நிறுவனம் இறக்குமதி இறைச்சிக்கு உள்நாட்டு ஒட்டுச்சீட்டு இட்டு ஏமாற்றியது 2002 ஜனவரியில் வெளிப்பட்டதும், மக்களுக்கு ஒட்டுச்சீட்டின்மேல் இருந்த நம்பிக்கையைக் குலைத்தன. 2003-இல் இயற்றிய மாட்டிறைச்சித் தடமறிதல் சட்டத்தின்படி ஒவ்வொரு மாட்டுக்கும் 10 இலக்க எண் வழங்கப்படுகிறது. அந்த எண் கடையில் உள்ள பொதிவரை தொடர்கிறது. இறைச்சிக்கூடத்தில் உடலங்களிலிருந்து மாதிரி எடுத்துச் சேமிக்கப்படுகிறது; கடைகளிலிருந்து அரசு திரட்டும் துண்டுகளின் டி.என்.ஏ. அம்மாதிரிகளோடு ஒத்துப்பார்க்கப்படுகிறது. எண் ஒரு கூற்று, டி.என்.ஏ. அக்கூற்றைச் சோதிக்கும் சாட்சி. இவ்விரண்டையும் பிரித்துப் பார்த்த வகையில் ஜப்பானின் ஏற்பாடே இதுவரை அமைந்தவற்றுள் தெளிவானது.

மாதிரியை எந்தக் கட்டத்தில் எடுப்பது என்பதும் முதன்மையானது. கன்றுக்கு வில்லை குத்தும்போதே துளைபடும் காதுத் திசு மூடிய சிறு குப்பிக்குள் விழும்படி அமைத்த வில்லைகள் இன்று உண்டு. அயர்லாந்து 2013 முதல் மாடுகளின் வைரஸ் வயிற்றுப்போக்கு நோயை ஒழிப்பதற்காக ஒவ்வொரு கன்றுக்கும் இத்தகைய வில்லையைக் கட்டாயமாக்கியது. 2015-இல் தொடங்கிய இறைச்சி மாட்டு மரபணுத் திட்டத்தின் வழியே லட்சக்கணக்கான மாடுகளின் குறிப்பான்கள் படிக்கப்பட்டன. பிறப்பில் எடுத்த மாதிரி பண்ணையிலிருந்து இறைச்சிக்கூடம்வரை நிகழும் மாறாட்டங்களையும் பிடிக்கும். அறுக்கும் வரிசையில் எடுத்த மாதிரி அதற்குப் பிந்தைய மாறாட்டங்களை மட்டுமே பிடிக்கும். பிறப்பிலிருந்தே மாதிரி இருப்பதால் பதிவேட்டில் எழுதிய தந்தையும் உண்மைத் தந்தையும் பொருந்தாத கன்றுகளும் வெளிப்படுகின்றன. பல காளைகளை ஒரே மேய்ச்சல் நிலத்தில் விடும் அமெரிக்க மேற்குப் பகுதிகளிலும் வட ஆஸ்திரேலியாவிலும் எந்தக் காளை எத்தனை கன்றுகளுக்குத் தந்தையானது என்பதை அறிய வேறு வழியே இல்லை.

விலங்கினத்தை அறியும் சோதனையையும் தனிமாட்டை அறியும் சோதனையையும் ஒன்றாகக் கருதும் குழப்பம் பரவலாக உள்ளது. 2013 ஜனவரி 15 அன்று அயர்லாந்தின் உணவுப் பாதுகாப்பு ஆணையம், சோதித்த 27 மாட்டிறைச்சி பர்கர்களில் 10-இல் குதிரையின் டி.என்.ஏ.வும் 23-இல் பன்றியின் டி.என்.ஏ.வும் இருந்ததாகவும், ஒன்றில் இறைச்சியின் 29 விழுக்காடு குதிரையினுடையது என்றும் அறிவித்தபோது ஐரோப்பா முழுதும் அதிர்ந்தது. அச்சோதனைக்குக் குதிரைக்கும் மாட்டுக்கும் இடையே வேறுபடும், ஒவ்வொரு விலங்கினத்துக்குள்ளும் மாறாத வரிசைகளே தேவை. தனிமாட்டை அறியும் சோதனைக்கு விலங்கினத்துக்குள் மாறும் வரிசைகள் தேவை. முன்னதற்கு ஒப்பீட்டு மாதிரி வேண்டியதில்லை, பின்னதற்கு அது இல்லாமல் எதுவும் நடவாது.

அரைத்த இறைச்சி இம்முறையின் எல்லையைக் காட்டுகிறது. ஒரு பொதியில் பல மாடுகளின் கொத்துக்கறி கலந்திருக்கும்போது ஸ்னிப்களைப் படித்தால் ஏறத்தாழ எல்லா இடங்களிலும் அ, க இரண்டுமே தெரியும். எந்த மாட்டையும் விலக்க முடியாது, எந்த மாட்டையும் உறுதிசெய்யவும் முடியாது. பல அல்லீல்கள் கொண்ட மைக்ரோசாட்டிலைட்டுகள் இங்குச் சற்றுக் கூடுதலாக உதவும். அரைத்ததில் இருந்து தனித்தனித் துணுக்குகளைப் பொறுக்கி எடுத்து ஒவ்வொன்றையும் சோதிப்பது உழைப்பு மிகுந்த, ஆயினும் தெளிவான வழி. முழுத்துண்டிலும் கூட, ஒரே கத்தியும் ஒரே மேசையும் பல மாடுகளைத் தொட்டிருப்பதால், மேற்பரப்பை வெட்டி நீக்கிவிட்டு உட்பகுதியில் இருந்தே மாதிரி எடுக்க வேண்டும்.

இன்னும் தீராத வேலை ஒன்று மாட்டினத்தின் மறுபாதியைப் பற்றியது. இதுவரை கண்ட பட்டியல்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வழி மாடுகளில் கண்ட வேறுபாடுகளிலிருந்து தேர்ந்தவை. திமில் கொண்ட மாடுகள் அவற்றிலிருந்து தனியே, சிந்துவெளிப் பகுதியில் வீட்டு விலங்காக்கப்பட்ட வேறொரு கிளை. பிரேசிலின் மாட்டிறைச்சிக்கு அடித்தளமாக உள்ள நெல்லோரே இனம், அக்காலச் சென்னை மாகாணத்தின் நெல்லூர், ஓங்கோல் பகுதிகளிலிருந்து கப்பலேறிய மாடுகளின் வழிவந்தது. பெயரும் நெல்லூரினுடையதே. ஆங்கஸ் மந்தையில் சரிபாதியாக இருக்கும் ஓர் அல்லீல் திமில் மாடுகளில் நூற்றில் ஐந்து மட்டுமே இருந்தால், அந்த ஸ்னிப்பில் இரு மாடுகள் தற்செயலாக ஒத்துப்போகும் வாய்ப்பு நூற்றில் 82 ஆகிவிடுகிறது. அத்தகைய 32 ஸ்னிப்கள் சேர்ந்தாலும் 500-இல் ஒன்று என்ற வாய்ப்பையே தரும். ஒரு மாவட்டச் சந்தையில் கூடும் மாடுகளைக் கூட அதை வைத்துப் பிரிக்க முடியாது. ஐரோப்பிய மந்தைக்கு வகுத்த பட்டியலை அப்படியே இறக்குமதி செய்து சட்டத்தில் எழுதிவிடும் நாடு, ஆய்வகம் தரும் பொருத்தத்தை நம்பி நிரபராதியைக் குற்றவாளியாக்கும் ஆபத்தில் நிற்கிறது.

இதற்கான மூலப்பொருள் இப்போது இருக்கிறது. ஐதராபாத்தில் உள்ள தேசிய விலங்கு உயிரித் தொழில்நுட்ப நிறுவனம் கிர், காங்க்ரெஜ், சாஹிவால், ஓங்கோல் போன்ற இந்திய இனங்களுக்கென 11,496 ஸ்னிப்கள் கொண்ட இண்டிகாவ் என்னும் மரபணுச் சில்லை 2021-இல் வெளியிட்டது. அது இன மேம்பாட்டுக்காகச் செய்யப்பட்டது. அத்தகைய தொகுப்புகளிலிருந்து, திமில் மாடுகளில் இரண்டு அல்லீல்களும் சரிபாதிக்கு அருகில் இருக்கும் நூறு ஸ்னிப்களைத் தனிமாட்டு அடையாளத்துக்கெனத் தேர்ந்து, ஒவ்வோர் இனத்திலும் சில நூறு மாடுகளில் எண்ணிப் பார்த்து, முடிவுகளை எல்லா நாட்டு ஆய்வகங்களும் பயன்படுத்தும்படி வெளியிட வேண்டும். தடமறிதல் சட்டத்தை எழுதும் நாடுகள் அதற்கு முன்பாகவே இறைச்சிக்கூடங்களில் அரசுப் பணியாளர் கையால் மாதிரி எடுத்துச் சேமிக்கத் தொடங்கிவிட வேண்டும்.